வேந்தர் வீட்டு விருந்து

எங்கள் வேந்தர் ராஜமாணிக்கம் முப்பது வருடம் இறால் ஏற்றுமதி செய்தவர். பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டைகள், கடலூரில் ஐஸ் கம்பெனி என்று வளர்ந்தவருக்கு அறுபது வயதில் கல்விச் சேவை செய்யும் ஆசை வந்தது. சிதம்பரம் சாலையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் கட்டி, தன் பெயரையே வைத்துக்கொண்டார். அடுத்த வருடமே அதில் தனக்கு ஒரு டாக்டர் பட்டமும் கொடுத்துக்கொண்டார். கூச்சநாச்சத்தையும் சேர்த்து ஏற்றுமதி செய்துவிட்டார் போலிருக்கிறது.

கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் அந்தத் தொழிலில் கவுண்ட். பேராசிரியர்கள் கூட்டத்திலும் "உங்க டிபார்ட்மெண்ட் என்ன கவுண்ட்?" என்பார். மீன்வளத் துறைத் தலைவனான நான் உட்பட எல்லோரும் பல்லைக் காட்டுவோம்.

என்னிடம் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்த மாணவி அர்ஃபா, வெள்ளைப்புள்ளி நோய் தாக்காத இறாலைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்துவந்தாள். நாலு வருட உழைப்பு. கடைசிச் சோதனைக்குப் பத்து நாள்தான் பாக்கி. அவள் ஊருக்குப் போயிருந்த அன்று வேந்தர் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். மறுநாள் பட்டமளிப்பு விழா. தொட்டிக்குள் கைவிட்டு ஒன்றைத் தூக்கினார்.

"முப்பது கவுண்ட் வந்துடுச்சே! இன்னும் ஏன்யா வச்சிக்கினு இருக்கீங்க? இனிமே போடற தீனியெல்லாம் நஷ்டம்."

"சார், அது அர்ஃபாவோட ஆராய்ச்சி..." என்று இழுத்தேன்.

"அதான் வளந்துடுச்சில்ல? வேற குஞ்சு வாங்கித் தரேன்."

சாயங்காலமே சமையல்காரர்கள் வலையோடு வந்தார்கள். மறுநாள் பந்தியில் அர்ஃபாவின் நாலு வருடம் தொக்காக வந்தது. மேடையில் ஆராய்ச்சியின் பெருமையை முக்கால் மணி நேரம் முழங்கிய அந்த மனிதர், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு அர்ஃபா நேரே என்னிடம் வந்தாள்.

"நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க சார். அது இருந்தா டைம் நீட்டித் தருவாங்க. மொதல்லேர்ந்து வளத்துக்கறேன்."

நான் எழுதத் தொடங்கும் முன்பே வேந்தர் அறையிலிருந்து தயாராக ஒரு கடிதம் வந்துவிட்டது. 'எல்லா இறால்களும் வெள்ளைப்புள்ளி நோயால் இறந்தன.' கீழே என் பெயர். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டேன். வேந்தரைக் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அர்ஃபா என் மேஜை முன்னால் நின்றே அதைப் படித்தாள்.

"நீங்களும் சாப்பிட்டீங்களா சார்?"

சாப்பிட்டிருந்தேன்.