ஒரு புட்டா குறைந்த சேலை

இது சத்தியமாக நடந்த கதை. அங்கங்கே கொஞ்சம் ஜரிகை சேர்த்திருப்பேன். ஆரணிக்காரன் கதை மொட்டையாகவா இருக்கும்?

எங்கள் தெரு பரிமளா அக்கா வருடா வருடம் பழம்பொருள் சந்தைக்குப் போவாள். பித்தளை விளக்கு, பழைய ரேடியோ, ராஜா காலத்துக் காசு எதையும் திரும்பிப் பார்க்கமாட்டாள். நேராகப் பழம்பட்டு குவித்த கடைதான். அவள் உதறிப் பார்த்த சேலைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் செய்யாறு வரை போய்த் திரும்பி வரும்.

தேடியது, செத்துப்போன புருஷன் ராஜவேலு நெய்த ஒரு சேலையை. கல்யாணமான புதிதில் தறியில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், பூவேலை வரிசையில் ஒரு மாங்காய் புட்டாவைப் போட மறந்துவிட்டார். சேலை முதலாளி கைக்குப் போய், எங்கேயோ விலைபோய்விட்டது. அந்தக் காலி இடம்தான் அவளுக்கு வேண்டும்.

இந்த வருடம் கிடைத்தது. வரிசையில் ஒரு மாங்காய் இல்லை.

"டேமேஜுங்க அது. வேற எடுங்க," என்றார் கடைக்காரர்.

"டேமேஜ் இல்லீங்க. அங்கதான் நான் கீறேன்," என்றவள், அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

டீக்கடையில் நான் இதைச் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்துத் தெரு நெசவாளி மகன் சுதாகர் எழுந்துவிட்டான்.

"இன்னா ரீல் வுட்ற? அது எங்கப்பா மறந்த புட்டா!"

"உங்கப்பனா? அவரு ஒண்ணா மறந்தாரு? பாதி சேலையவே மறந்தவராச்சே!" என்றார் எதிர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த தமிழ்வாணன்.

"எங்கப்பாவ இழுத்த, பல்லு பேந்துடும்! அந்தச் சேலைய எடுத்துகினு வா, பாத்துடலாம்!"

"அது அக்கா தோள்ல கீது. தைரியமிருந்தா நீ போய்க் கேளுடா!" என்றார் தமிழ்வாணன்.

சுதாகர் பெஞ்சை உதைத்தான்.