றோசாலி அக்காவின் புத்தகப் பெரட்டு

நேரில் நன்றி சொல்ல வராத வாய் எனக்கு. அதனால் எழுதுகிறேன்.

நான் முஷ்ரிபா. லுணுகலையிலிருந்து தினமும் பஸ் ஏறி, மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னுடையது. நூலகம் என்றால் ஓர் இரும்பு அலுமாரி. மேல் தட்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு சிறுவர் புத்தகங்கள். எலிக்குப் பயந்து கீழ்த் தட்டில் பகல் உணவுக்கான அரிசியும் பருப்பும். அதனால் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது சமைக்கும் றோசாலி அக்காவிடம்.

அந்தப் புத்தகங்களை நான் பிள்ளைகள் கையில் கொடுத்ததே இல்லை. வருடக் கடைசியில் பொருட்கள் சரிபார்க்க வருவார்கள். ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வைக்கோற்போரில் படுத்த நாய் மாதிரி காவல் காத்தேன். வாசிப்பு மாதத்தில் மட்டும் வெளியே எடுத்து மேசையில் அடுக்கி, பிள்ளைகளைத் தூர நிறுத்திக் காட்டிவிட்டு மறுபடி பூட்டுவேன். அதற்கு விழா என்று பெயர்.

போன ஒக்டோபரில், விழாவுக்கு முதல் நாள் அலுமாரியைத் திறந்தால் நாற்பத்து மூன்று புத்தகங்களைக் காணோம். விடிந்தால் வலயக் கல்வி அதிகாரி வருகிறார். நேரே சமையல் கொட்டகைக்குப் போனேன்.

“நான்தாங்க டீச்சர் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன். படிச்சிட்டுக் கொண்டாந்துருவாங்க” என்றார் றோசாலி அக்கா, பருப்பைக் கிண்டிக்கொண்டே.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்களே.”

உண்மைதான். உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது. ஒரு புத்தகம் குறைந்தாலும் நாளையோடு சமையல் வேலை போய்விடும் என்று கத்திவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவர் அவர். முழங்கால் போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

“சரிங்க டீச்சர். காலையில பெரட்டுக்கு வாங்க” என்றார்.

தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. மறுநாள் மணி அடிக்குமுன் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி. அக்கா கூப்பிட்டது பிள்ளைகளின் பேரை அல்ல.

“முயலு!”

“வந்திருச்சு!”

“சோறாக்குற கரடி!”

“வந்திருச்சு!”

கையில் ஏடு இல்லை, எல்லாம் மனப்பாடம். வெள்ளிக்கிழமைதோறும் இப்படித்தானாம். புத்தகங்களுக்குக் கலண்டர் தாளில் உறை போட்டிருந்தார்கள். சிலதில் அடுப்புப் புகை மணத்தது. நாற்பத்திரண்டு வந்து சேர்ந்தன.

“யானைக்குட்டி!”

பதில் இல்லை. மூன்றாம் வகுப்பு அனுஷ்கா அழத் தொடங்கினாள். “அம்மா கொழுந்து மலைக்குக் கொண்டு போயிருச்சு டீச்சர். இன்னும் படிச்சு முடிக்கலயாம்.”

பத்து மணிக்கு அதிகாரி வந்து பட்டியலை வைத்து எண்ணினார். “ஒண்ணு குறையுதே?”

றோசாலி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வாய் திறக்குமுன் அனுஷ்காவின் அம்மா ஜெயலெட்சுமி வாசலில் வந்து நின்றார். காலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. புத்தகம் மட்டும் பொலித்தீன் பைக்குள் நனையாமல் இருந்தது.

“மன்னிச்சுக்கங்க சார். இன்னும் ரெண்டு பக்கந்தான். இங்கனயே நின்னு படிச்சிட்டுக் குடுத்துறட்டுங்களா?”

அதிகாரி தலையாட்டினார். ஜெயலெட்சுமி எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். பாடசாலையே காத்து நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் துடைக்கவும் இல்லை. இத்தனை வருடம் நான் பூட்டி வைத்ததை இந்த அக்கா மலை வரைக்கும் அனுப்பியிருக்கிறார்.

படித்து முடித்துப் புத்தகத்தை நீட்டினார் ஜெயலெட்சுமி. அதிகாரி அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இந்த அலுமாரிக்கு யாரு பொறுப்பு?”

“றோசாலி அக்கா சார்” என்றேன். “நான் சும்மா கையெழுத்துப் போடுறவ.”