காவிப் பல்

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கெல்லாம் காவிப் பல். எனக்கும் அப்படித்தான். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் சிரித்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு டாக்டர் வந்தார். கிணற்றுத் தண்ணீரால்தான் இப்படி ஆகிறதா என்று அறிய எல்லோர் பல்லையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஊர்க்கவுண்டர் தடுத்தார். "பொம்பளைங்க யாரும் வாயைத் தெறக்கக் கூடாது. ஊர் பேரு கெட்டுப் போவும்."

நான் மகளை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"வெக்கமில்லையா உனக்கு?" என்றார் கவுண்டர்.

"பேரு எப்பவோ கெட்டுப் போச்சுங்க. எதனாலன்னாவது தெரியட்டும்."

வாயை நன்றாகத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "தள்ளி உக்காருக்கா, எம்பல்லையும் பாக்கட்டும்" என்று வந்தாள்.

டாக்டர் கண்டுபிடித்ததை எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. இன்னொரு டாக்டர் வந்தாலும் முதலில் போய் உட்காருவேன். கண்டுபிடித்ததை எங்களிடம் சொல்வதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் காட்டுவேன்.