விசில் அடிக்காத குக்கர்

குக்கர் உஸ்ஸென்று மூச்சுவிடத் தொடங்கியதும் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறேன். இன்றைக்கும் பருப்பு வேகவில்லை. முதல் விசிலைக் கேட்கும் தைரியம் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் எங்களுக்குப் பகலெல்லாம் பதற்றம்தான். காலையில் சுரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து, காதோரம் ஒட்டிய நிலக்கரித் தூளைக் கழுவிவிட்டுப் படுப்பார். உடனே அம்மா குக்கரை ஒதுக்கிவிட்டுப் பானையில் உலை வைப்பாள். பக்கெட்டுக்குள் துணியைப் போட்டுச் சத்தமில்லாமல் தண்ணீர் பிடிப்பாள். மீன்காரரைக் கூவ விடாமல் வாசலிலேயே கையைக் காட்டி அனுப்பிவிடுவாள். நானும் தம்பியும் சண்டையைக்கூடக் கிள்ளித்தான் போட்டுக்கொள்வோம்.

எப்படியும் ஒரு தட்டு விழும். சிவந்த கண்ணோடு அப்பா எழுந்து வருவார். "நான் அப்பவே முழிச்சிட்டேன் விமலா, புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாத" என்று அம்மாவின் கையிலிருந்த கீரையை வாங்கி ஆய உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தால், ஷிப்ட் முடித்து வந்த அப்பா தூங்காமல் பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"குக்கர்ல வெச்சிருக்கலாமேப்பா."

"அம்மா தூங்கிகினு இருக்கா" என்றார், மெதுவாக.

அப்பா இறந்தபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இன்று நான் அடுப்புக்கு ஓடியதைப் பார்த்துவிட்டு, "விடுடி, அடிக்கட்டும். இனிமே யாரு முழிச்சிக்கப் போறாங்க" என்றாள்.

அதையும் ரகசியக் குரலில்தான் சொன்னாள்.