பழுப்பு அச்சு

மனைவி போன பதினான்காம் நாள் அலமாரியைத் திறந்து பொம்மை ரோடு ரோலர்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்திருந்த உறவெல்லாம் கிளம்பி, தென்னூர் வீட்டில் நான் மட்டும். மேஜை விளக்கு, பூதக்கண்ணாடி, கோடு போட்ட நோட்டு. ஒரு ரோலரின் அடியில் தயாரித்த நாட்டின் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். இடப்பக்கம். எழுதிக்கொண்டேன். அழுகை வரவில்லை. ஒரு நாள் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நானும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றிருந்தேன்.

பொம்மை என்று எழுதிவிட்டேன். இருபது வருஷமாக அந்த வார்த்தையை யார் சொன்னாலும் சண்டைக்குப் போயிருக்கிறேன். உலோகத்தில் வார்த்த பொக்லைன், புல்டோசர், கிரேன், டிப்பர். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். ஒரே வண்டியை ஒரு கம்பெனி வருஷக்கணக்கில் வார்க்கும்போது நடுவில் ஏதாவது மாறும். சக்கரம் பிளாஸ்டிக் ஆகிவிடும், ஸ்டிக்கர் இடம் மாறும், மஞ்சளில் ஒரு சொட்டு ஆரஞ்சு கூடும். அதைக் கண்டுபிடித்து வகை பிரிப்பதுதான் வேலை. கடைக்காரருக்கு ஒன்றுபோலத் தெரிகிற நான்கு பொக்லைன்கள் எங்களுக்கு நான்கு தனி ஆட்கள். எங்களுக்கு என்றால், இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்த ஓர் ஆன்லைன் குழு உண்டு.

அந்தக் குழுவில் எனக்குக் கொஞ்சம் பெயர். பழுப்பு அச்சைக் கண்டுபிடித்தவன் நான்தான். இந்த வண்டிகளின் உடல் துத்தநாகக் கலவை, துருப்பிடிக்காது. சக்கரங்களைக் கோக்கும் அச்சு மட்டும் இரும்பு, பளபளவென்று இருக்கும். என்னுடைய ரோலர் ஒன்றில் அது கரும்பழுப்பாக, எண்ணெய் ஊறின மினுமினுப்போடு இருந்தது. அப்புறம் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்கப் பார்க்க, வருஷத்துக்கு ஒன்று வீதம் மொத்தம் ஏழு வண்டிகளில் அகப்பட்டது. முன்பே கவனிக்காமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். துரு வராமலிருக்கத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் ஏதோ பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, படத்தில் அம்புக்குறியெல்லாம் போட்டு நான்கு பக்கம் எழுதினேன். வேறு ஒருவரிடமும் அப்படி ஒன்று இல்லை.

அவள் ஸ்ரீரங்கத்துப் பெண். நாங்கள் இருவருமே நாற்பது தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எங்கள் குடும்பத்தில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. இல்லாத வழக்கத்தைப் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது என்பார்கள். அதனால் நவராத்திரி வந்தால் உத்தர வீதியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். படியில் பொம்மை அடுக்குவது தங்கை. கீழே தரையில் பார்க் கட்டுவது இவள். மணல் கொட்டி, கடுகு தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் நாலாம் நாள் பச்சைப் பசேலென்று புல்தரை வந்துவிடுமாம். முதல் வருஷம் என்னிடம் கேட்டாள்.

"ஏன்னா, அந்தக் குட்டி ரோலர எடுத்துண்டு போகட்டுமா? ரோடு போடறாப்ல வெக்கலாம்."

"மணல்ல வெக்கற சாமானா இது? இது பொம்மை இல்ல."

"சரி" என்றாள். பிறகு கேட்கவே இல்லை. சொன்னால் கேட்கிறவள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொலுவைப் பார்க்க நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. சுண்டல் டப்பாவில் வந்துவிடும்.

அவள் போனது மாசியில். ஆவணியில் ஒரு நாள் அலமாரியைக் காலி செய்துவிடலாம் என்று தோன்றியது. துக்கத்தில் எடுத்த முடிவு இல்லை. வண்டிகளைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். குழுவில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முதலில் அந்தப் பழுப்பு அச்சு வண்டிகள் ஏழையும் வாங்கிக்கொள்வதாகவும் சனிக்கிழமை நேரில் வருவதாகவும் சொன்னார். ஏழு பெட்டிகளையும் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் அடுக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை அவளுடைய புடவைகளைத் தங்கையிடம் கொடுத்துவிடப் போனேன். அதுவும் காலி செய்கிற வேலைதான். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. ஆற்றில் தண்ணீர் ஓடியது. பார்த்தேன். தண்ணீர்தான்.

தங்கை காபி கொடுத்தாள். "இந்த வருஷம் கொலு வெக்கலை அத்திம்பேர். மனசே வரலை. அக்கா கட்டின பார்க்கெல்லாம் போன்ல வெச்சிருக்கேன், பாக்கறேளா?"

மரியாதைக்காக வாங்கிப் பார்த்தேன். போன வருஷத்துப் படம். கடுகுப் புல்லுக்கு நடுவே மணல் ரோடு, அதன்மேல் என்னுடைய கிரேன். அதற்கு முந்தின வருஷம் டிப்பர். தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில், கல்யாணமான வருஷத்தில், எடுத்துப் போகக் கூடாது என்று நான் சொன்ன அதே ரோலர், ஈர மணலில்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "பெட்டிய அங்கயே வெச்சுட்டு வண்டிய மட்டும் கைப்பைல போட்டுண்டு வருவா. வருஷத்துக்கு ஒண்ணுதான். பத்தாம் நாள் அலம்பி, தேங்கா எண்ணெ தடவித் துடைச்சு எடுத்துண்டு போவா. கண்டுபிடிச்சுடுவேளோன்னு மொதல்ல ரொம்ப பயந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க கண்டுபிடிச்சேள். ஃபேக்டரில பண்ணினதுன்னு நாலு பக்கம் எழுதினேளாமே, அத இங்க உக்காந்து எனக்குப் படிச்சுக் காட்டினா. சிரிச்சு சிரிச்சுப் புரைக்கேறிடுத்து."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வீட்டுக்குப் போனதும் அவளிடம் சண்டை போடலாம் என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து ஏழு வண்டிகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். துரு. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எண்ணெய் போட்டுத் தேய்த்த துரு. கிரேனை ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும். 'தளர்ந்த ரிவெட், இந்த வகையின் அடையாளம்' என்று என் கையெழுத்தில் நோட்டில் இருந்தது. கேபின் ஜன்னல் வழியாக விளக்கைக் காட்டினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கடுகு.

வெள்ளிக்கிழமை காலை கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். "நீங்க வர வேண்டாம் சார். பழுப்பு அச்சுன்னு ஒரு வகையே கிடையாது. நான் எழுதினது தப்பு. அது வெறும் துரு."

"ஏழுலயும் ஒரே மாதிரி எப்படிங்க துருப் பிடிக்கும்?"

"ஒரே கை சார். என் வீட்டம்மா."

அவருக்குப் புரியவில்லை. மற்ற வண்டிகளை எப்போது பார்க்கலாம் என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். குழுவிலும் தப்பு என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். நான்கு பேர் சிரித்தார்கள்.

பிறகு நோட்டை எடுத்து, 'தொழிற்சாலைப் பூச்சு' என்று இருந்ததை ஏழு இடத்திலும் அடித்தேன். புதுப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, தங்கையின் போனில் பார்த்த வரிசைப்படி எழுதினேன். முதல் வருஷம் ரோலர். ஏழாம் வருஷம் கிரேன். எழுதின வேகத்தில், பழக்கதோஷம், அடுத்த வரிக்கும் எண் போட்டுவிட்டேன். எட்டு. எதிரே எழுத ஒன்றும் இல்லை. அப்போதுதான் அழுதேன்.