பச்சைக் கையுறை

பெரம்பலூரில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். பழைய பெயின்டைத் தின்னர் ஊற்றித் துடைத்துத் துடைத்து அவர் விரல்கள் வெடித்துக் கிடந்தன. முதலாளி கண்ணுக்கு அது தெரியவே இல்லை. நான்தான் துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். துணி தின்னரைக் குடித்து, நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடந்தது. கை முன்னைவிட மோசமாகக் கொப்பளித்தது. அடுத்து வாங்கிய மெல்லிய ரப்பர் உறை மத்தியானத்துக்குள் ஊதிக் கிழிந்தது.

ஆத்திரத்தோடு திருச்சிக்கு பஸ் ஏறினேன். "தின்னர்ல கரையாததா ஒண்ணு குடுங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பதுபோல் கேட்டேன். முழங்கை வரை வரும் தடித்த பச்சை உறையை எடுத்துப் போட்டார். அது ஊதவுமில்லை, கிழியவுமில்லை. சில மாதங்களில் புண்ணெல்லாம் ஆறி, கை பழையபடி ஆனது. நாள் முழுக்க இழுத்த தின்னர் நெடி மட்டும் ராத்திரி வரை அவர் மூச்சில் அடிக்கும்; அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் எத்தனை பெருமை!

ஒருநாள் காலையில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால் சட்டியை அவர் வெறுங்கையால் தூக்கினார்.

"ஐயோ, சுடலையாங்க?" என்று பதறினேன்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடாவா இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.