நயாகராவில் முன்பணச் சாப்பாடு: சைவமா, மச்சமா?

மே மாத நீண்ட வார இறுதியில் நயாகராவுக்குப் போய் வந்தோம். ஊரில் சண்டை முடிந்ததும் அதே வார இறுதிதான். அந்த நேரத்தில் போனது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் கேளிக்கைப் பூங்காக்களில் முன்கூட்டியே காசு கட்டி வாங்கும் சாப்பாட்டுத் திட்டம் பற்றித் தமிழில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. தேடிக் களைத்தவள் நான். பிள்ளைகளோடு போக இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பதிவு செய்தது பெப்ரவரியில், மூத்தவள் அபியின் பதினோராவது பிறந்தநாளுக்காக. பூங்காவும் ஹோட்டலும் சேர்ந்த இடம். நான்கு பேருக்கு இரண்டு இரவு, நுழைவுச்சீட்டுடன் 489 டொலர். மே வந்தபோது வீட்டில் யாருக்கும் போகிற மனநிலை இல்லை. இவருடைய, அதாவது என் கணவருடைய, அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த அந்தக் கடைசித் துண்டு நிலத்துக்குள் இருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு தொடர்பில்லை. ரத்துச் செய்யலாமா என்று கேட்டோம். காசு திரும்பாது, திகதி மாற்றுவதென்றாலும் பதினான்கு நாளுக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டுமாம்.

"இந்த நேரத்திலை ஆடப் போறியளோ பிள்ளை?" என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்டார்.

இவர்தான் முடிவெடுத்தார். "ரெண்டு மாசமாப் பிள்ளையள் ரீவீயையும் எங்கடை முகத்தையும்தான் பாக்குதுகள். ஒருக்காப் போட்டு வருவம்."

வோபர்னில் எங்கள் வீட்டிலிருந்து 145 கிலோமீற்றர். சனிக்கிழமை காலை 7.10க்கு வெளிக்கிட்டு 9.50க்குப் போய்ச் சேர்ந்தோம். நீண்ட வார இறுதி என்றால் ஏழு மணிக்குப் பிந்த வேண்டாம். ஹமில்ரன் தாண்டும்வரை கார்கள் ஊர்ந்துதான் போகும். வாகனத் தரிப்பு இரவுக்கு 15 டொலர், அது அந்த 489 டொலர்ப் பொதியில் சேராது.

இனிச் சாப்பாட்டுத் திட்டம். பெரியவருக்கு நாளுக்கு 42 டொலர், பிள்ளைக்கு 19. பத்து வயதுக்கு மேல் பெரியவர் கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பொயின்ற்: மேசையில் இருந்து சாப்பிட ஒன்று, கவுண்டரில் வாங்கிச் சாப்பிட ஒன்று, ஸ்நாக்குக்கு ஒன்று. எல்லாம் ஒரே அட்டையில் ஏற்றியிருக்கும். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குள் பாவிக்காதது அழிந்துவிடும். வரவேற்பில் நின்ற பெண் இதை மூன்று தரம் சொன்னாள். நான் மூன்று விதமாக விளங்கிக்கொண்டேன்.

"அம்மா, ஐ ஆம் அன் அடல்ற்," என்றாள் அபி. "அப்ப நான் கோப்பி குடிக்கலாமோ?"

"பொயின்ருக்கு மட்டும்தான் நீ அடல்ற். பேசாமல் நில்."

முதல் நாளே பிழை விட்டேன். மத்தியானம் கவுண்டரில் நான்கு துண்டு பீட்சா எடுத்தேன். ஒரு துண்டு ஆறு டொலர்தான். பக்கத்தில் பதின்மூன்று டொலர்க் கோழித் தட்டுக்கும் அதே ஒரு பொயின்ற்தான் என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் கண்டேன். சின்னவள் துளசிக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் அது ஒரு ஸ்நாக்காகக் கழிந்துவிட்டது. கவுண்டரில் கேட்டால் கப்பில் தண்ணீர் சும்மா தருகிறார்கள். அன்று இரவு அறையில் சின்ன முருகன் படத்தை வைத்து விளக்கேற்றிக் கும்பிட்டேன், பெரியத்தானுக்காகவும் மிச்சப் பொயின்ருகளுக்காகவும்.

ஞாயிறு காலை இவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நடைபாதையில் போய்க் கதைத்துவிட்டு வந்து, "வேலையிடத்திலை இருந்து," என்றார். மத்தியானம் கவுண்டரில் கோழி எடுக்காமல் உருளைக்கிழங்குப் பொரியலும் தோடம்பழச் சாறும் மட்டும் எடுத்தார். வெயில் என்றார். பின்னேரம் நான் விளக்குக்குத் திரி போட, "இண்டைக்கு வேண்டாம், புகைக்கு அலாரம் அடிக்கும்," என்றார்.

"நேற்று அடிக்கேல்லையே?"

இவர் குனிந்து சப்பாத்தைக் கட்டினார்.

ஆறு மணிக்கு மேசைச் சாப்பாடு. அந்த உணவகத்தின் பன்றி விலா றிப்ஸ் படத்தைப் பார்த்துத்தான் இவர் பெப்ரவரியில் இந்த ஹோட்டலையே தெரிவு செய்தார். வந்து இருந்ததும் பரிசாரகியிடம் மரக்கறிப் பாஸ்ரா கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாஸ்ரா 14.99, றிப்ஸ் 27.99, இரண்டுக்கும் ஒரே பொயின்ற்.

"உங்களுக்கென்ன விசரே? றிப்ஸை எடுங்கோ," என்று சொல்லி நானே மாற்றிக் கொடுத்தேன்.

தட்டு வந்தது. இவர் தொடவில்லை. சுவரில் இருந்த ரீவீயில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இனிப்பு எடுக்கப் போன நேரத்தில்தான் வாய் திறந்தார்.

"காலமை வந்தது வேலையிடத்துக் கோல் இல்லை. பிரான்சிலை இருந்து மச்சான் எடுத்தவன். அண்ணை விழுந்து கிடந்ததை ஆரோ கண்டவையாம்."

"ஆர் கண்டது?"

"தெரியாது. கண்ட ஆளோடை கதைச்ச ஒராள்தான் அவனுக்குச் சொன்னது."

எங்களில் இறப்பு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, விளக்கு இல்லை, கோயிலுக்குள் போவதில்லை. காலையிலிருந்து இவர் செய்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்ப எங்களுக்குத் துடக்கோ?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. உயிரோடை இருக்கிறவனுக்குத் துடக்குக் காக்கிறதோ? செத்தவனுக்குக் காக்காமல் விடுறதோ?"

"ஐயரிட்டைக் கேப்பமோ?"

"என்னெண்டு கேக்கிறது?"

தேவாரமும் புராணமும் நானாகவே வாசித்துப் பழகியவள். விரதம், திதி, தீட்டு என்று அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் கேட்பார்கள். இதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்துவிட்டுச் சுற்றி நிற்போமே, அப்படி இருந்தது. பெரியத்தானும் இறைச்சி என்றால் விடமாட்டார். அந்த எண்ணம் வந்ததும் தட்டை என் பக்கம் இழுத்தேன். அதுவரை பன்றி இறைச்சியை நான் வாயில் வைத்ததில்லை.

"நீர் உது சாப்பிடுறேல்லையே," என்றார் இவர்.

"இண்டைக்குச் சாப்பிடுறன்."

ஒரு துண்டை முழுதாகச் சாப்பிட்டேன். ருசி ஞாபகமில்லை. அது படையலாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாக இருந்தது. துளசி ஐஸ்கிறீமோடு வந்து, "அம்மாவின்ரை வாயெல்லாம் சோஸ்," என்று சிரித்தாள். இவரும் கொஞ்சம் சிரித்தார். பாஸ்ரா கேட்கச் சொன்னேன். பொயின்ற் இல்லாமல் கையிலிருந்து 14.99 கட்டினோம். அதைச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை ஹோட்டல் ரீவீயில் ஊரில் எல்லாம் முடிந்ததாகச் சொன்னார்கள். ஐந்து ஸ்நாக் பொயின்ற் மிச்சம் இருந்தது. எடுக்காமலே வந்துவிட்டோம்.

போக இருப்பவர்களுக்கு: மேசைச் சாப்பாட்டை விலை கூடிய உணவகத்தில் பாவியுங்கள், பீட்சாவில் கரைக்காதீர்கள். பரிசாரகருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக் காசு, ரிப், திட்டத்தில் சேராது, 15 சதவீதம் கையில் வைத்திருங்கள். பத்து வயது முடிய முதலே பிள்ளையைக் கூட்டிப் போனால் லாபம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் திட்டம் கட்டாது, தனித்தனியாக வாங்குவதே மலிவு. சைவமா மச்சமா என்று பதிவு செய்யும்போது கேட்பார்கள். அதை எந்தச் சாப்பாட்டுக்கும் அந்த மேசையிலேயே மாற்றலாம், யாரும் காரணம் கேட்பதில்லை.

பெரியத்தானைப் பற்றி இன்னும் ஒரு சரியான தகவலும் இல்லை. சண்டையில் தப்பி முகாமில் இருப்பவர்களின் பெயர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இவர் மச்சம் தொடுவதில்லை. முப்பத்தொரு நாளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தெரியாததால் எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. எனக்கும் பிள்ளைகளுக்கும் மீன் சமைக்கிறேன், இவருக்கு வேறு சட்டி. வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலுக்குள் போவேன், இவர் வெளியே காரில் இருப்பார். இருவரில் ஒருவர் செய்வது பிழை.

போன வெள்ளி அருச்சனைத் தட்டு வாங்கினேன். உயிரோடு இருப்பவர் பெயரில்தான் அருச்சனை செய்வது. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"யோகராசா. அனுச நட்சத்திரம்," என்றேன்.

அவர் அதை மந்திரத்தோடு சேர்த்து உரத்துச் சொன்னார். திரும்பிக் காருக்கு வந்து, பெரியத்தான் பெயரில் செய்த அருச்சனை என்று சொல்லி வீபூதிப் பொட்டலத்தை இவரிடம் நீட்டினேன். இவர் பூசவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாங்கி, கோப்பிக் கப் வைக்கிற பள்ளத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் காரை எடுத்தார்.